'லிட்டில் மிஸ் சன்ஷைன்': சிரிச்சு முடிச்சதும் ஒரு சண்டை... அந்த டான்ஸ் சரியா, தப்பா?

'ஜாலியா பார்க்குற மாதிரி ஒரு ஃபேமிலி படம் சொல்லுங்க' என்று கேட்டால், ஹாலிவுட் பக்கம் கைகாட்டுகிறவர்கள் பலரும் சொல்லும் பெயர்களில் ஒன்று 'லிட்டில் மிஸ் சன்ஷைன்'. போஸ்டரும் அப்படித்தான் நம்ப வைக்கும். பளிச்சென்ற மஞ்சள் கலர், ஒரு பழைய வேன், அதைத் துரத்தி ஓடிவரும் குடும்பம்.

படத்தைப் போட்டு உட்கார்ந்தால், முதல் சில நிமிடங்களிலேயே தாத்தா பாத்ரூமுக்குள் ஹெராயின் இழுக்கிறார். தற்கொலைக்கு முயன்ற தாய்மாமன் ஆஸ்பத்திரி ஜன்னலோரம் வெறித்த பார்வையோடு உட்கார்ந்திருக்கிறார். அந்த முகத்தின் மேல்தான் படத்தின் பெயரே வருகிறது. இது காமெடிப் படமா என்று அங்கேயே ஒரு சந்தேகம் வரும். படம் முடிந்த பிறகும் அந்தச் சந்தேகம் தீராது. ஒருவர் வயிறு வலிக்கச் சிரித்தேன் என்பார். அதே சோபாவில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்பார்.

2006-ல் வந்த படம் இது. இத்தனை வருடங்கள் கழித்தும் பார்த்தவர்கள் ஒரே மாதிரி பேசுவதில்லை. அதிலும் க்ளைமாக்ஸ் டான்ஸ் பற்றிப் பேச்செடுத்தால் போதும், வீடு இரண்டாகிவிடும். (இதற்கு மேல் கதை முழுக்க வரும். படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்தும் படிக்கலாம்.)

ஏழே தியேட்டர்!

ஜொனாதன் டேட்டன், வேலரி ஃபாரிஸ் என்ற கணவன் மனைவி ஜோடி இயக்கிய முதல் சினிமா இது. அதற்கு முன் மியூசிக் வீடியோக்கள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கதை எழுதிய மைக்கேல் ஆர்ன்ட்டுக்கும் இதுதான் முதல் படம். 2006 ஜனவரியில் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் திரையிட்டதும், ஃபாக்ஸ் சர்ச்லைட் நிறுவனம் சுமார் 1 கோடியே 5 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. படத்தின் செலவே 80 லட்சம் டாலர்தான்.

அதே ஆண்டு ஜூலை கடைசியில் அமெரிக்காவில் ரிலீஸ் ஆனபோது ஓடியது 7 தியேட்டர்களில் மட்டும். பார்த்தவர்கள் அடுத்தவர்களிடம் சொல்ல, சில வாரங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தியேட்டர்களுக்குப் பரவியது. உலகம் முழுக்க மொத்த வசூல் சுமார் 10 கோடி டாலர். சூப்பர் ஹீரோ இல்லை, வெடிகுண்டு இல்லை, பெரிய லவ் ஸ்டோரியும் இல்லை. 'நீ பார்த்தியா?' என்று ஒருவரை ஒருவர் கேட்டுக் கேட்டே ஓடிய படம்.

அடுத்த வருடம் 4 ஆஸ்கர் பரிந்துரைகள். சிறந்த படத்துக்கான போட்டியிலும் இருந்தது; அந்த விருதை 'தி டிபார்ட்டட்' தட்டிச் சென்றது. தாத்தாவாக நடித்த ஆலன் ஆர்கினுக்குச் சிறந்த துணை நடிகர் விருதும், மைக்கேல் ஆர்ன்ட்டுக்குச் சிறந்த ஒரிஜினல் திரைக்கதை விருதும் கிடைத்தன. குட்டிப் பெண் ஆலிவாக நடித்த அபிகெய்ல் ப்ரெஸ்லினும் துணை நடிகை பரிந்துரையில் இருந்தார். அப்போது அவருக்கு வயது 10.

வேனில் நீங்க யாரு?

கதை சின்னதுதான். நியூ மெக்ஸிகோ மாநிலத்தின் ஆல்புகர்க்கி நகரில் ஹூவர் குடும்பம். ஏழு வயது ஆலிவுக்கு, கலிஃபோர்னியாவின் ரிடோண்டோ பீச்சில் நடக்கும் குழந்தைகள் அழகிப் போட்டியில் கலந்துகொள்ள திடீரென வாய்ப்பு வருகிறது. ஃப்ளைட்டுக்குப் பணம் இல்லை. தற்கொலைக்கு முயன்ற மாமாவைத் தனியாக விட்டுப் போகவும் முடியாது. ஆக, ஆறு பேரும் ஒரு ஓட்டை ஃபோக்ஸ்வேகன் வேனில் சுமார் 1,300 கிலோமீட்டர் கிளம்புகிறார்கள்.

வேனின் க்ளட்ச் வழியிலேயே போய்விடுகிறது. ஒவ்வொரு முறையும் எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும். வண்டி வேகம் எடுத்ததும் ஒவ்வொருவராக ஓடிவந்து தாவி ஏற வேண்டும். பிறகு ஹாரனும் மாட்டிக்கொண்டு, தானாக அலறிக்கொண்டே வருகிறது. தள்ளுவண்டி அனுபவம் உள்ள யாரும் சிரிக்காமல் இருக்க முடியாது. கதாசிரியர் ஆர்ன்ட்டுக்கும் சின்ன வயதில் குடும்பத்தோடு இப்படி க்ளட்ச் போன வேனில் பயணம் செய்த அனுபவம் உண்டு.

இந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறவர்களைக் கவனித்தால் ஒரு விஷயம் புரியும். ஒவ்வொருவரும் அந்த வேனில் தனக்கென்று ஒரு சீட்டைப் பிடித்துக்கொண்டுதான் கருத்து சொல்கிறார்கள்.

காலேஜ் வயதில் இருப்பவர்களைக் கேட்டால், பெரும்பாலும் அண்ணன்காரன் ட்வேன்தான் ஃபேவரைட். பால் டேனோ நடித்த ரோல். விமானப்படை பைலட் ஆகும்வரை பேசமாட்டேன் என்று சபதம் எடுத்து, ஒன்பது மாதமாக வாய் திறக்காமல் நீட்ஷே படிக்கும் பையன். எதைச் சொல்வதென்றாலும் நோட்டில் எழுதிக் காட்டுவான். வழியில், தங்கை விளையாட்டாகக் காட்டும் ஒரு டெஸ்ட் அட்டையில் தனக்கு நிறக்குருடு இருப்பது அவனுக்குத் தெரியவருகிறது. நிறம் தெரியாதவர் பைலட் ஆக முடியாது. ஓடும் வேனில் அவன் துடிக்கும் துடிப்பும், இறங்கி ஓடி அடிவயிற்றிலிருந்து போடும் கத்தலும் பார்க்கிறவர்களை உலுக்கிவிடும். அம்மா சமாதானப்படுத்தப் போகிறாள். நீங்கள் யாருமே என் குடும்பம் இல்லை என்று அவளைத் திட்டித் தீர்க்கிறான். பிறகு ஆலிவ் சரிவில் இறங்கிப் போய், ஒரு வார்த்தை பேசாமல் அவன் பக்கத்தில் குந்தி, தோளில் தலை சாய்க்கிறாள். அவ்வளவுதான். அவன் எழுந்து வந்துவிடுகிறான். எந்தக் குழுவில் இந்தப் படத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலும், டான்ஸைத் திட்டுகிறவர்கள்கூட இந்தக் காட்சிக்கு மறுப்பு சொல்வதில்லை.

நடுவயதுக்காரர்கள் அப்பா ரிச்சர்டைப் பார்த்து நெளிகிறார்கள். க்ரெக் கின்னியர் நடித்த இந்த மனிதர், ஜெயிப்பதற்கு ஒன்பது படிகள் என்று தன்னம்பிக்கை வகுப்பு எடுக்கிறவர். கேட்க வந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். அவர் எழுதிய புத்தகமும் விலைபோகவில்லை. ஆனாலும் வீட்டில் யார் வாயைத் திறந்தாலும் ஜெயிக்கிறவன், தோற்கிறவன் என்று பாடம். ஓட்டலில் ஆலிவ் ஐஸ்க்ரீம் கேட்கிறாள். ஐஸ்க்ரீம் கொழுப்பு, கொழுப்பு உடம்பில் சேரும், அழகிப் போட்டியில் ஜெயிக்கிறவர்கள் எல்லாம் ஒல்லி என்று அப்பா அன்பாகவே எடுத்துச் சொல்கிறார். குழந்தை முகம் சுருங்கி, வந்த ஐஸ்க்ரீமை ஒதுக்கி வைக்கிறது. உடனே தாத்தா, அண்ணன், மாமா எல்லோரும் ஆளுக்கு ஒரு ஸ்பூன் எடுத்து, ஆஹா ஓஹோ என்று சாப்பிட ஆரம்பிக்கிறார்கள்.

இந்தக் காட்சியில் எங்கள் வீட்டில் சிரித்தவர்கள் நானும் தம்பியும் மட்டும்தான். அப்பா அதுவரை பார்த்துக்கொண்டிருந்த டிவியை விட்டுவிட்டு, திடீரென்று செல்போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அம்மாவுக்கு வேறு குறை. படம் முழுக்க சாப்பாடு வாங்கிப் போட்டது, தம்பியை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்தது, புருஷனுக்கும் மகனுக்கும் நடுவில் பஞ்சாயத்து பண்ணியது எல்லாம் ஷெரில்தான், ஆனால் அவளுக்கென்று ஒரு கனவைக்கூட இந்தப் படம் கொடுக்கவில்லையே என்றார். யோசித்துப் பார்த்தால் சரிதான். பைலட் கனவு, புத்தகக் கனவு, அழகிக் கனவு எல்லாம் மற்றவர்களுக்கு. டோனி கொலெட் நடித்த அந்த அம்மாவுக்கு, யாருக்கும் தெரியாமல் பிடிக்கும் சிகரெட் மட்டும்தான் சொந்தம். இவ்வளவு பாராட்டு வாங்கிய திரைக்கதையில் இப்படி ஒரு ஓட்டை இருப்பதை நான் அம்மா சொல்லித்தான் கவனித்தேன்.

மாமா ஃப்ராங்க்குக்கு எண்ணிக்கையில் குறைவு, ஆனால் தீவிரமான ரசிகர்கள். மார்செல் ப்ரூஸ்ட் என்ற ஃபிரெஞ்சு எழுத்தாளரைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் பேராசிரியர். ஒருதலைக் காதல், போட்டியாளருக்குக் கிடைத்த பெருமை, போன வேலை எல்லாம் சேர்ந்து அவரை உடைத்துவிட்டன. அதுவரை ஸ்டீவ் கரெல் என்றாலே கலகலப்பு காமெடி என்று நினைத்தவர்களுக்கு இந்தப் படம் ஆச்சரியம். சாப்பாட்டு மேஜையில் ஆலிவ், மாமாவுக்கு என்ன ஆச்சு என்று கேட்கிறாள். குழந்தையிடம் இதெல்லாம் பேசக்கூடாது என்கிறார் அப்பா. மறைக்க வேண்டாம் என்கிறாள் அம்மா. ஃப்ராங்க் நடந்ததை அப்படியே சொல்கிறார். ஆலிவ் அதைக் கேட்டுக்கொள்கிறாள், அவ்வளவுதான். வீட்டில் ஒருவருக்கு மனச்சோர்வு என்றால் குழந்தைகளிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் மூடி மறைக்கும் குடும்பங்களுக்கு, அந்த ஐந்து நிமிடம் ரொம்ப உபயோகமானது.

பிடிக்காதவர்கள் சும்மா சொல்லவில்லை

ஐஎம்டிபி தளத்தில் 10-க்கு 7.8 பக்கம் நிற்கும் படம். ஆனாலும் பிடிக்கவில்லை என்கிறவர்கள் கூட்டம் சின்னது இல்லை.

அவர்களின் முதல் புகார், இந்தக் குடும்பத்தின் கிறுக்குத்தனம் எல்லாம் உட்கார்ந்து தயாரித்தது மாதிரி இருக்கிறது என்பது. பேசாத பையன் ஒருவன், போதை தாத்தா ஒருவர், தோற்றுப்போன தன்னம்பிக்கை பேச்சாளர் ஒருவர். ஆளுக்கொரு விநோதம் என்று பங்கு பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள், நிஜக் குடும்பங்களில் இவ்வளவு கச்சிதமாக இருக்காது என்கிறார்கள். இதை முழுசாக மறுக்க முடியாது. இந்தப் படம் ஜெயித்த பிறகு இதே மாதிரி 'கொஞ்சம் லூசு, ரொம்ப பாசம்' குடும்பப் படங்கள் வரிசை கட்டி வந்ததால், இப்போது முதன்முறையாகப் பார்க்கிறவர்களுக்கு அந்த எரிச்சல் இன்னும் அதிகம்.

இரண்டாவது, தாத்தாவின் மரணம். பாதி வழியில் மோட்டலில் தூக்கத்திலேயே போதை அதிகமாகி இறந்துவிடுகிறார். ஆஸ்பத்திரியில், உடலை மாநில எல்லை தாண்டி எடுத்துச் செல்ல அனுமதி வேண்டும், அதற்கு நேரமாகும் என்கிறார்கள். போட்டிக்கு நேரமாகிறது. குடும்பம் உடலைத் துணியில் சுற்றி, ஜன்னல் வழியாக இறக்கி, வேனின் பின்னால் வைத்துக் கிளம்பிவிடுகிறது. சாவை இப்படியா கிண்டல் செய்வது என்று நம் ஊர்ப் பெரியவர்கள் கேட்டால் நியாயம்தான். எனக்கும், அதன் பிறகு போலீஸ்காரர் வண்டியை நிறுத்தி, உடலைப் பார்க்காமல் ஆபாசப் புத்தகங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகும் காட்சி மட்டமான காமெடியாகவே பட்டது.

ஆனால் அந்தத் தாத்தாவைத்தான் யாராலும் மறக்க முடியவில்லை. முதியோர் இல்லத்திலிருந்து துரத்தப்பட்ட, வாய் முழுக்கக் கெட்ட வார்த்தை உள்ள மனுஷன். இறப்பதற்கு முந்தின இரவு, தோற்றுவிடுவேனோ என்று ஆலிவ் அழும்போது, தோற்கப் பயந்து முயற்சியே பண்ணாதவன்தான் தோற்றவன் என்று அவர் சமாதானம் சொல்வார். புத்தகம் விலைபோகாத மகனையும் தட்டிக்கொடுத்துவிட்டுத்தான் போகிறார். பாதிப் படத்தோடு கதையை விட்டுப் போகும் ரோலுக்கு ஆஸ்கர் கிடைத்தது இதற்காகத்தான். 2023 ஜூனில் ஆலன் ஆர்கின் தன் 89-வது வயதில் இறந்தார்.

இப்போ டான்ஸுக்கு வருவோம்

போட்டியில் ஆலிவின் முறை வருகிறது. இந்த டான்ஸை எனக்குத் தாத்தா சொல்லிக்கொடுத்தார் என்கிறாள். தாத்தா எங்கே என்று தொகுப்பாளர் கேட்க, எங்கள் வண்டி டிக்கியில் என்கிறாள் சாதாரணமாக. பாட்டு ஆரம்பிக்கிறது. ரிக் ஜேம்ஸின் 'சூப்பர் ஃப்ரீக்'. நைட் கிளப்புகளில் ஆடும் அசைவுகளை, அர்த்தம் எதுவும் தெரியாமல், வகுப்பில் கற்ற பாடத்தை ஒப்பிப்பதைப் போல அத்தனை சிரத்தையாக ஆடுகிறாள் குழந்தை. அரங்கத்தில் சிலர் எழுந்து வெளியேறுகிறார்கள். அமைப்பாளர் அம்மா கொதிக்கிறார்.

தியேட்டரிலும் டிவி முன்பும் பார்வையாளர்கள் பிரிகிற இடம் இதுதான்.

எதிர்ப்பவர்கள் கேட்பது நேரடியான கேள்வி. ஏழு வயதுக் குழந்தையை அப்படி ஆடவிட்டு நம்மைச் சிரிக்க வைப்பதுதான் நோக்கம் என்றால், டைரக்டர் என்ன கருத்து சொல்ல வருகிறார் என்பதில் யாருக்கு அக்கறை? நாம் சிரித்துவிட்டோமே! அதுவும் அந்த அசைவுகளைச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு தாத்தா என்பதை ஏன் இவ்வளவு செல்லமாகக் காட்ட வேண்டும்? பெண் குழந்தை வைத்திருக்கும் பெற்றோர் இதைச் சொல்லும்போது, கலையைப் புரிந்துகொள்ளாதவர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. தாத்தா விஷயத்தில் படத்திடம் பதில் இல்லை என்றுதான் நானும் நினைக்கிறேன்.

ஆதரிப்பவர்கள் கொஞ்சம் பின்னால் போகச் சொல்கிறார்கள். ஆலிவுக்கு முன்னால் மேடை ஏறிய குழந்தைகளைப் பாருங்கள். கன்னம் தெரியாத மேக்கப், ஸ்ப்ரே அடித்துக் கோபுரமாக்கிய தலைமுடி, செயற்கையாகக் கறுக்க வைத்த தோல், நீச்சல் உடை, கண் சிமிட்டல். அதற்கெல்லாம் அரங்கம் கைதட்டுகிறது. அதில் எதுவும் டைரக்டர்கள் மிகைப்படுத்தியது இல்லை. ஆலிவைத் தவிர அந்தச் சிறுமிகள் எல்லோரும் நிஜமாகவே அழகிப் போட்டிகளில் பங்கேற்றவர்கள். அந்தப் போட்டிகளில் எப்படித் தோன்றுவார்களோ, அப்படியே படத்திலும் வந்தார்கள்.

அமெரிக்க ரசிகர்களுக்கு இந்தக் காட்சி ஏன் இன்னும் அதிகமாகக் குத்துகிறது என்பதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. 1996 டிசம்பரில் கொலராடோவில் ஜான்பெனே ராம்ஸி என்ற 6 வயதுச் சிறுமி கொல்லப்பட்டாள். அழகிப் போட்டிகளில் பெரிய பெண்ணைப் போல மேக்கப் போட்டு அவள் வலம்வந்த வீடியோக்களை டிவி சேனல்கள் திரும்பத் திரும்ப ஒளிபரப்பின. குழந்தைகளை இப்படி அலங்கரிப்பது பற்றிய சண்டை அங்கே அன்றைக்கே பெரிதாகிவிட்டது. ஆனாலும் போட்டிகள் நிற்கவில்லை. படம் வந்து மூன்றாவது வருடம், 2009-ல், இதே போட்டிகளை வைத்து 'டாட்லர்ஸ் அண்ட் டியாராஸ்' என்று ஒரு ரியாலிட்டி ஷோவே தொடங்கியது. இன்னொரு பக்கம், 2013-ல் ஃபிரான்ஸ் செனட் 16 வயதுக்குட்பட்டவர்களுக்கான அழகிப் போட்டிகளைத் தடை செய்ய வாக்களித்தது.

நமக்கும் இது ரொம்பத் தூரத்து விஷயம் இல்லை. ஸ்கூல் ஆண்டு விழாவில் யூ.கே.ஜி குழந்தை குத்துப்பாட்டுக்கு ஆடும்போது முன்வரிசையில் செல்போன் தூக்கிப் பிடிப்பது நாம்தான். 'க்யூட்' என்று வீடியோவை ஃபார்வர்டு செய்வதும் நாம்தான்.

இந்தச் சண்டையில் நான் ஆதரவுப் பக்கம். காரணம், ஆலிவின் டான்ஸ் இல்லை, அதற்குப் பிறகு ரிச்சர்ட் செய்வது. மேடைக்குப் போய் மகளை இறக்கச் சொல்லி அமைப்பாளர் கத்துகிறார். ரிச்சர்ட் மேடை ஏறுகிறார். படம் முழுக்க ஜெயிக்கிறவன், தோற்கிறவன் என்று பாடம் எடுத்த அதே மனுஷன். மகளைத் தூக்கப் போனவர், ஒரு கணம் நின்று, அசட்டுத்தனமாக ஆட ஆரம்பிக்கிறார். பிறகு மாமா, அண்ணன், அம்மா. ஆளுக்கு ஒரு தாளம், ஒருவருக்கும் ஆடத் தெரியவில்லை. குழந்தை மட்டும் தனியாக நின்று அவமானப்படக் கூடாது, அவமானம் என்றால் ஆறில் மிச்சமிருக்கும் ஐந்து பேருக்கும் சேர்த்து ஆகட்டும் என்று முடிவெடுத்துவிட்டார்கள். அந்த நிமிடத்தில் சிரிப்பு குழந்தையை விட்டு இவர்கள் பக்கம் திரும்பிவிடுகிறது. அது திரும்பவில்லை என்று உங்களுக்குத் தோன்றினால், நீங்கள் எதிர்ப்புப் பக்கம். அங்கேயும் நல்ல கூட்டம் இருக்கிறது.

கதாசிரியர் ஆர்ன்ட்டைத் தூண்டியது அர்னால்ட் ஸ்வார்ஸெனெக்கர் பள்ளி மாணவர்களிடம் பேசிய ஒரு பேச்சு. தோற்கிறவர்களை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது என்ற ரீதியில் அவர் பேசியதைக் கேட்டு எரிச்சலாகி, அதற்கு எதிராக எழுத நினைத்ததாக ஆர்ன்ட் சொல்லியிருக்கிறார். வேடிக்கை என்னவென்றால், படம் ரிலீஸ் ஆனபோது, ஹூவர் குடும்பம் போய்ச் சேரும் அதே கலிஃபோர்னியாவுக்கு ஸ்வார்ஸெனெக்கர்தான் கவர்னர்!

குழந்தைகளோடு பார்க்கலாமா?

பெற்றோர்கள் கேட்பது இதைத்தான். அமெரிக்காவில் படத்துக்குக் கொடுத்த சான்றிதழ் 'ஆர்'. 17 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் பெரியவர்கள் துணையோடுதான் தியேட்டரில் பார்க்க முடியும். தாத்தாவின் வசனங்கள், போதைப்பொருள், மாமாவின் தற்கொலை முயற்சி என்று காரணங்கள் நிறைய. ஆலிவின் வயதுக் குழந்தைகளுக்கான படம் இது இல்லை. போஸ்டரைப் பார்த்து ஏமாந்து, முதல் பத்து நிமிடத்தில் ரிமோட்டைத் தேடியவர்கள் பலர்.

ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ படிக்கும் பிள்ளைகளோடு பார்ப்பதானால், முதலில் நீங்கள் ஒருமுறை தனியாகப் பார்த்துவிடுவது நல்லது. ஓடும் நேரம் ஒரு மணி 40 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். இரவு பத்து மணிக்கு மேல் ஆரம்பிக்காதீர்கள். படம் முடிந்த பிறகு சண்டைக்கும் கொஞ்சம் நேரம் வேண்டும். ஐஸ்க்ரீம் வாங்கி வைத்தால் ஆளுக்கு ஒரு ஸ்பூன் தனியாகக் கொடுத்துவிடுங்கள்.